மூன்று முறை மட்டும்

வெற்றி பெற்றதாகப் பதிவாகியுள்ள சில எதிர்ப்புகளைக் காலம் கடந்து திரும்பிப் பார்க்கும்போது, அவற்றில் வெல்லப்பட்டது எது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாத சங்கடம் ஒன்று எழுகிறது. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஸ்போர்' என்னும் கணினி விளையாட்டை வாங்கியவர்கள் அதன் நகல் தடுப்புக்கு எதிராகத் திரண்டது அத்தகைய ஒன்று. நகல் தடுப்பு என்பது, ஒரு மென்பொருளைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க முடியாதபடி அதற்குள்ளேயே வைக்கப்படும் பூட்டு. ஸ்போரின் பூட்டு ஓர் எண்ணாக இருந்தது: வாங்கியவர் வட்டிலிருந்து விளையாட்டைக் கணினியில் நிறுவிய பின், அதனுடன் தரப்பட்ட வரிசை எண்ணை இணையத்தின் வழியாக வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும், 'ஆக்டிவேஷன்' எனப்படும் இந்த ஒப்புதல் மூன்று கணினிகளுக்கு மட்டுமே கிடைக்கும், நான்காவது தேவைப்பட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அணுகி, காரணம் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும். விளையாட்டு வெளியாகி இரண்டு வாரங்களுக்குள், எதிர்ப்பின் வேகம் தாங்காமல், மூன்று ஐந்தாயிற்று. பயன்படுத்தாத கணினியின் ஒப்புதலைத் திரும்பப் பெறும் வசதியும் வரும் என்று அறிவிக்கப்பட்டது. அதைப் பலரும் வெற்றி என்றே கொண்டனர். ஆனால் ஐந்தும் மூன்றைப் போலவே ஒரு நாள் தீர்ந்துபோகும் எண்தான் என்னும்போது, அத்தனை பேரும் இரண்டு கூடுதல் வாய்ப்புகளுக்காகவா கொதித்தார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

'சிம்சிட்டி', 'தி சிம்ஸ்' ஆகியவற்றை உருவாக்கிய வில் ரைட்டின் கற்பனையில் பிறந்த ஸ்போர், பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்தது. ஒற்றைச் செல்லாகத் தொடங்கும் ஓர் உயிரை, கால்களும் கண்களும் அலகுகளும் ஒட்டி வளர்த்து, கூட்டமாக்கி, நாகரிகமாக்கி, கடைசியில் விண்வெளிக்கு அனுப்புவது அதன் போக்கு. களிமண் உருண்டைபோல் வளைந்துகொடுக்கும் அந்த உடல்களை வாங்கியவரே வடிவமைக்கலாம். அப்படி வடிவமைத்தவை இணையம் வழியாகப் பிறருடைய கோள்களுக்கும் சென்று குடியேறும். வாங்கியவரின் படைப்பையும் சேர்த்தே தன் உள்ளடக்கமாகக் கொண்ட ஒரு பண்டம் என்பதால், அவரை ஐயத்தோடு எண்ணிப் பார்க்கும் பூட்டு அதில் இருந்தது கூடுதலாக உறுத்தியிருக்கலாம். நகல் தடுப்பைக் கேலி செய்யும் உருவங்களை விளையாட்டின் கருவிகளைக் கொண்டே சிலர் செய்து உலவவிட்டனர். ஆத்திரம் வெளியீட்டு நாளன்று திடீரென்று கிளம்பியதும் அன்று. அதே ஆண்டு மே மாதத்தில், ஸ்போரும் அந்நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் கணினிப் பதிப்பும் பத்து நாளுக்கு ஒரு முறை சர்வரைத் தொடர்புகொண்டு தம்மைச் சரிபார்த்துக்கொள்ளும் என்று தெரியவந்தபோதே கண்டனம் எழுந்து, அந்தத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. மூன்று என்ற எண், பத்து என்ற எண்ணுக்கு ஈடாக வந்து உட்கார்ந்த சமரசம். எதிர்ப்பு ஏற்கெனவே ஒரு முறை 'வென்று'விட்ட இடத்திலிருந்தே அடுத்த எதிர்ப்பு தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

எதிர்ப்பின் வடிவம் அதைவிடக் கவனிக்கத்தக்கது. அமேசான் விற்பனைத் தளத்தில் ஸ்போருக்கு உரிய பக்கத்தில் சில நாள்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்புரைகள் குவிந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் மட்டுமே வழங்கியவை. இடையில் அம்மதிப்புரைகள் பக்கத்திலிருந்து காணாமல் போய், பின்பு திரும்ப வந்தன. தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று அமேசான் விளக்கியது. இந்த ஒற்றை நட்சத்திரங்கள் உண்மையானவையா என்று கேட்பது பொருத்தமற்றதன்று. விளையாட்டை ஒரு நாள்கூட ஆடாதவர்களும், வாங்காமல் விலகியவர்களும் அவற்றுள் இருந்தனர். விளையாட்டு நன்றாகவே இருக்கிறது என்று எழுதிவிட்டு ஒரு நட்சத்திரம் இட்டவர்களும் இருந்தனர். மதிப்புரை என்பது பண்டத்தின் தரத்தைச் சொல்வது என்று கொண்டால் இவை பொய்ச்சாட்சிகள். விற்பனையின் நிபந்தனையும் பண்டத்தின் ஒரு பகுதியே என்று கொண்டால் இவற்றைவிட நேர்மையான மதிப்புரை வேறில்லை. இரண்டாவது வாதமே வலுவானது என்று தோன்றினாலும், அது தன்னளவில் முழுமையானதன்று. வரிக் கணக்கு மென்பொருளையோ சொற்செயலியையோ எதிர்ப்பவர் போட்டி நிறுவனத்திடம் போய்விடலாம். ஸ்போருக்கு மாற்று இன்னொரு ஸ்போர் இல்லை. வாங்காமல் இருப்பவர் தம்மையே தண்டித்துக்கொள்கிறார். வாங்கியவரோ பணத்தைக் கொடுத்துவிட்டார், வட்டின் உறையைக் கிழித்துவிட்டால் கடைக்காரர் அதைத் திரும்ப வாங்குவதும் அரிது. கடையில் நிற்கும் அடுத்தவரின் காதில் ஒரு சொல் போட்டுவைப்பது மட்டுமே எஞ்சுகிறது. அப்படியிருந்தும் முதல் மாதத்துக்குள்ளேயே பத்து லட்சம் படிகள் விற்றுத் தீர்ந்தன.

நிறுவனம் அப்போது தந்த விளக்கத்தில் ஒரு புள்ளிவிவரம் இருந்தது; இவ்விவகாரம் முழுவதிலும் அதிகம் யோசிக்க வைப்பது அதுவே. இதே முறையில் பூட்டப்பட்ட விளையாட்டுகளின் பதிவுகளைப் பார்த்தால், மூன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் ஆக்டிவேட் செய்ய முயன்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அதன் வாதம். வாதத்தின் நோக்கம் தெளிவு: நூற்றில் தொண்ணூற்றொன்பது பேரை இந்தப் பூட்டு தொடவே போவதில்லை. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது நிறுவனம் எதிர்பார்த்த முடிவுக்கு இட்டுச் செல்லவில்லை. வாடிக்கையாளர் எதிர்ப்பு என்பது அசௌகரியத்தின் கூச்சல், செருப்புக் கடிக்கும் வரைதான் அந்தச் சத்தம், என்பது வணிகர்களிடையே மட்டுமன்றி அறிவாளர்களிடையேயும் உள்ள எண்ணம். அதன்படி பார்த்தால், கடிபடாத தொண்ணூற்றொன்பது பேர் அமைதியாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் இருக்கவில்லை. வன்வட்டு பழுதாகி இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலோ, கணினியின் முக்கிய உறுப்புகளை மாற்றினாலோ அதுவும் எண்ணிக்கையில் ஒன்றைத் தின்னக்கூடும் என்ற அச்சம் ஒரு காரணம். பத்தாண்டு கழித்து அலமாரியிலிருந்து வட்டை எடுத்து மகனுக்கோ மகளுக்கோ போட்டுக்காட்டும் நாளில் சர்வர் இருக்குமா என்ற கேள்வி இன்னொன்று. இவை யாவும் நடக்காத ஒன்றைப் பற்றியவை. எதிர்காலத்தில் தானாக இருக்கப்போகும் ஒருவருக்காக இன்று படும் கோபம். அதற்கு அசௌகரியம் என்று பெயரிடுவது போதாது. எண்ணப்படாதது என்று நம்பி வாங்கிய ஒன்றில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததே அங்கே புண்படுத்தியது. மூன்று என்பது சிறிதா பெரிதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்த இடத்தில் திருட்டுப் படிகளைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஸ்போரின் பூட்டு உடைக்கப்பட்ட பதிப்பு, விளையாட்டு கடைகளுக்கு முறையாக வருவதற்கு முன்பே இணையத்தில் கிடைத்தது. அதை இறக்கியவருக்கு மூன்று முறை என்ற கட்டுப்பாடு இல்லை, தொலைபேசி இல்லை, காரணம் சொல்ல வேண்டிய நிலையும் இல்லை. பூட்டு முழு எடையோடு விழுந்தது காசு கொடுத்தவர் மீது மட்டுமே. டொரன்ட் வழியான இறக்கங்களைக் கணக்கெடுத்துவந்த டொரன்ட்ஃபிரீக் தளம், அந்த ஆண்டில் மிக அதிகமாக இறக்கப்பட்ட விளையாட்டு ஸ்போர்தான் என்றும், இறக்கங்கள் ஏறத்தாழ 17 லட்சம் என்றும் வெளியிட்டது. பூட்டு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்கும் பாருங்கள் என்று ஒரு தரப்பும், பூட்டு இருந்ததால்தான் இத்தனை போயிற்று என்று மறுதரப்பும் ஒரே எண்ணைக் காட்டி வாதிட முடிந்தது. இறக்கியவர்களுள் எத்தனை பேர் எதிர்ப்பாளர்கள், எத்தனை பேர் இலவசம் என்பதால் எடுத்தவர்கள் என்று பிரிக்கும் கருவி எதுவும் இல்லை. எதிர்ப்பின் பெயரால் எடுத்தவர்கள் தங்களுக்குள்ளேயே அதைப் பிரித்திருப்பார்களா என்பதும் ஐயம். விலை கொடுத்து வட்டை வாங்கி, அதை உறை பிரிக்காமல் வைத்துவிட்டு, உடைக்கப்பட்ட பதிப்பை நிறுவிக்கொண்டவர்களின் நிலையே வினோதமானது. அறத்தின்படி அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டமோ, பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியிருந்தது. உள்ளே இருப்பது உடைத்தவர் காசு கொடுத்து வாங்கியதுதானா என்று அது பொதுவாகக் கேட்பதில்லை.

எதிர்ப்பாளர்கள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்றும் கொள்ள முடியாது. ஸ்போரில் இருந்த 'செக்யூரோம்' என்னும் தடுப்பு மென்பொருளைச் சோனியின் துணை நிறுவனம் ஒன்று உருவாக்கியிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்பு, 2005இல், சோனி பிஎம்ஜி இசை வட்டுகள் கணினிக்குள் தம்மை மறைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளைப் போட்டுவைப்பதை மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் வெளிப்படுத்தி, பல லட்சம் வட்டுகள் திரும்பப் பெறப்பட்டிருந்தன. அந்த நினைவு இதன் மீதும் படிந்து, இரண்டும் ஒன்றே என்பது போன்ற பேச்சு பரவியது. விளையாட்டை நீக்கிய பிறகும் செக்யூரோம் கணினியில் தங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தது. அதன் அடிப்படையில் கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. கணினியையே அது கெடுத்துவிட்டது என்பன போன்ற பல கதைகளுக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. ஆயினும் வதந்திக்கு ஒரு காரணம் உண்டு: பூட்டு தன் வேலையை மறைத்தே செய்யும் இயல்புடையது, மறைவாக இருப்பதைப் பற்றி அளவாகப் பேச யாராலும் முடிவதில்லை. அமெரிக்காவில் குடும்பங்கள் வருமான வரிக் கணக்கைத் தாமே தயாரிக்கப் பயன்படுத்தும் டர்போடாக்ஸ் மென்பொருளின் 2002 வரியாண்டுப் பதிப்பில் நிகழ்ந்ததும் இதுவே. இன்டியூட் நிறுவனம் அதில் மேக்ரோவிஷனின் 'சேஃப்காஸ்ட்' என்னும் தடுப்பைச் சேர்த்தது. முதலில் ஆக்டிவேட் செய்த கணினியில் மட்டுமே கணக்கை அச்சிடவும் மின்வழி அனுப்பவும் முடியும். தடுப்பு தன் அடையாளத்தை வன்வட்டின் தொடக்கப் பகுதியில், கோப்புகள் எவற்றுக்கும் சொந்தமில்லாத, 33ஆம் செக்டார் என்ற ஒதுக்குப்புறத்தில் எழுதிவைத்தது என்று தெரிந்தபோது, சம்பளச் சீட்டையும் மருத்துவச் செலவையும் அடகுக் கடன் வட்டியையும் அதே வன்வட்டில் வைத்திருந்தவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. போட்டி மென்பொருளான டாக்ஸ்கட் பக்கத்திலேயே காத்திருந்தது. 2003 மே மாதம் இன்டியூட் தடுப்பைக் கைவிட்டு வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பும் கேட்டது. அங்கே பூட்டு முழுவதுமாகப் போயிற்று. எண் மாறவில்லை, எண்ணே இல்லாமலாயிற்று. மாற்று உள்ள இடத்தில் எதிர்ப்புக்குப் பல் இருக்கிறது என்ற எளிய விளக்கம் இதற்குப் போதும்.

அதற்கும் முந்தைய காலத்தில், 1980களில், லோட்டஸ் 1-2-3 போன்ற அலுவலக மென்பொருள்கள், வன்வட்டில் நிறுவிய பிறகும் மூல நெகிழ்வட்டை இயக்கியில் செருகிவைத்தால் மட்டுமே திறக்கும்படி செய்யப்பட்டிருந்தன. கரகரவென்று சுழன்று அந்த ஒற்றை வட்டைத் தேடும் ஓசை அலுவலகங்களின் அன்றாட ஓசைகளுள் ஒன்று. வட்டில் காபி சிந்தினாலும் காந்தம் பட்டாலும் வேலை நின்றுவிடும். மொத்தமாக வாங்கிய பெருநிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் முணுமுணுத்ததன் பேரில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான அலுவலக மென்பொருள்கள் தடுப்பைக் கழற்றிவிட்டன. விளையாட்டுகள் கழற்றவில்லை. ஆயிரம் படி வாங்கும் ஒருவரின் முணுமுணுப்பும் ஒரு படி வாங்கும் ஆயிரம் பேரின் கூச்சலும் சமமாகக் கேட்பதில்லை.

ஸ்போருக்குத் திரும்பினால், அதன் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் உண்டு. 2008 டிசம்பரில் அந்த விளையாட்டு, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளத்தில், செக்யூரோம் நீக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. கணக்கு உள்ளவர் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எதிர்ப்பு அத்துடன் ஓய்ந்தது. ஆனால் ஸ்டீமும் ஒரு பூட்டுதான் என்பதை எதிர்ப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர். 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தபோது, கடையில் வட்டாக வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்குத் தொடங்கி இணையத்தில் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்று விதிக்கப்பட்டு, முதல் நாளில் சர்வர்கள் திணறி, வசவுகள் பறந்தன. அந்த வசவு சில ஆண்டுகளில் அன்பாக மாறியது. தள்ளுபடிகள், தானாக வந்துசேரும் திருத்தங்கள், தொலையாத வட்டு, நண்பர்களின் பட்டியல் என்று பூட்டைச் சுற்றி ஒரு வீடே கட்டப்பட்டது. அங்கே விற்கப்படுபவை யாவும் விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்று அதன் ஒப்பந்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமத்தை இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்ய வழியில்லை. கணக்கு முடக்கப்பட்டால் மொத்த அலமாரியும் கைக்கு எட்டாமல் போகலாம். சார்பு என்று அளந்தால், மூன்று ஆக்டிவேஷன் கொண்ட வட்டு இதைவிடக் குறைந்த சார்பையே கோரியது எனலாம். எனினும் வட்டு எதிர்க்கப்பட்டது, கணக்கு ஏற்கப்பட்டது. எண் இருந்த இடத்தில் எதிர்ப்புக்குப் பிடி இருந்தது. எண்ணை எடுத்துவிட்டு எல்லையின்மையைக் கொடுத்தபோது பிடிக்க எதுவும் இல்லாமல் போயிற்று. 2008இன் கூட்டம் தன் கோபத்தின் மூலம் நிறுவனங்களுக்கு எதையேனும் கற்றுக்கொடுத்தது என்றால், அது பூட்டைக் கைவிடுவதையா, பூட்டைக் கண்ணில் படாமல் வைப்பதையா என்பதே இந்தச் சங்கடத்தின் நடு முள். மறுபக்கம், பூட்டே இல்லாமல் பழைய விளையாட்டுகளை விற்கும் காக் என்ற தளமும் அதே 2008இல்தான் தொடங்கியது, பின்னாளில் ஸ்போரும் அங்கே வந்துசேர்ந்தது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். ஆனால் அது இன்றளவும் ஸ்டீமோடு ஒப்பிடச் சிறிய கடை.

வாங்கியவருக்குக் கிடைப்பது உடைமையா உரிமமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய படிகளை மறுவிற்பனை செய்தது பற்றிய வெர்னர் – ஆட்டோடெஸ்க் வழக்கில், 2010இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் உரிமம் பெற்றவரே, உடைமையாளர் அல்லர் என்றது. இரண்டாண்டு கழித்து யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையறையின்றி விற்ற மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே வட்டு இருவேறு பொருளாயிற்று. 2015இல் வந்த விண்டோஸ் 10, பாதுகாப்புக் காரணம் காட்டி, சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பையும் செக்யூரோமின் சில வகைகளையும் இயக்க மறுத்தபோது, பத்துப் பதினைந்து ஆண்டு பழைய முறையான வட்டுகள் பல அதில் வாயடைத்தன. உடைக்கப்பட்ட படிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இம்முறை ஒற்றை நட்சத்திரம் குவியவில்லை. விளையாட்டை வெளியிட்ட நிறுவனம், தடுப்பைச் செய்த நிறுவனம், இயங்குதளத்தைச் செய்த நிறுவனம் ஆகிய மூன்றில் யாரை நோக்கிக் கூவுவது என்பதே தெரியவில்லை. அதே ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி, ஒப்புதல் தரும் சர்வர் நிரந்தரமாக மூடப்பட்ட விளையாட்டுகளின் பூட்டைத் தனி ஆளாக ஆடுவதற்கென்று உடைக்கலாம் என்ற சிறு விலக்கு சட்டத்தில் வந்தது. சத்தமின்றி வந்த அந்த விலக்கு, 2008இன் பெருங்கூச்சல் பெற்றதைவிட ஒரு வகையில் ஆழமானது.

2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை மூடியது. 2014இல் வெளியான அதைத் தனியாக ஆடுவதற்கும் சர்வர் தொடர்பு வேண்டும் என்பதால், வாங்கியவர் அனைவரிடமும் அது ஒரே நாளில் நின்றது. பின்னர் அவர்களது கணக்குகளிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. எண் மீண்டும் கிடைத்தது, இம்முறை தேதியாக. ராஸ் ஸ்காட் என்ற காணொளிப் படைப்பாளர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி என்னும் முறையான மனுவாக மாறி, 2025 ஜூலையில் தேவையான பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. அதற்கு முன்பே கலிஃபோர்னியா, டிஜிட்டல் பண்டங்களை விற்பவர்கள் தருவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. 2008இன் கோரிக்கையோடு ஒப்பிட்டால் இயக்கத்தின் கோரிக்கை அடக்கமானது: சர்வர் இருக்கும் வரை அதைச் சார்ந்திருப்பதை அது எதிர்க்கவில்லை, மூடிவிட்டுப் போகும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்று மட்டுமே கேட்கிறது. அது செலவைக் கூட்டும், தனியார் நடத்தும் சர்வர்களில் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்காது என்று தொழில்துறை அமைப்புகள் மறுக்கின்றன. மறுப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. செருப்புக் கடிப்பதற்குத்தான் வாடிக்கையாளர் கத்துவார் என்ற கருத்து இங்கே மறுபடியும் பொருந்தாமல் போகிறது. இந்தக் கோரிக்கை சட்டமானாலும் அது இனிமேல் வரும் விளையாட்டுகளுக்கே பொருந்தும், ஏற்கெனவே மூடப்பட்டவற்றைத் திறந்துவிடாது என்று இயக்கத்தினரே தொடக்கத்திலிருந்து விளக்கிவருகின்றனர். தி க்ரூவை இழந்தவர்களும் அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட்டார்கள்.